இகுவானாவுக்கு வீடு பார்த்த கதை

2025 ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை. பொதிகை எக்ஸ்பிரஸ்ல ராஜபாளையம் வந்து இறங்கி, அம்மா குடுத்த காபியை முழுசா குடிச்சு முடிக்கல, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து அக்கா போன்.

"டேய், உன் மருமகன் ஒரு பல்லியைக் கொண்டாந்து நடு வீட்டுல வச்சிருக்கான். அவங்கப்பாவும் கூட்டு. நீ வந்து ரெண்டுல ஒண்ணு பாரு."

பல்லிக்கு என்ன ரெண்டுல ஒண்ணு பாக்குறது, வெளக்கமாத்தை எடுத்தா அதுவா போயிடப் போவுதுன்னு நினைச்சேன். மதியம் நல்லா சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு, பைக்கை எடுத்துக்கிட்டு மெதுவா கிளம்பினேன். ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கிலோமீட்டர் இருக்கும். போய்ச் சேர்றப்ப மணி மூணரை. அந்தத் தூக்கம் போட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. ஏன்னு சொல்றேன்.

ஹால்ல மேற்குப் பக்க ஜன்னல். அதுக்குக் கீழ டேபிள் மேல ரெண்டடி மீன் தொட்டி. தொட்டிக்குள்ள பச்சைக் கலர்ல, வாலோட சேத்து ஒண்ணேகால் அடிக்கு, முதுகுல சீப்புப் பல்லு மாதிரி முள் வச்ச ஒரு ஜீவன். இகுவானாவேதான். அத்தானோட மதுரை சிநேகிதர் குடும்பத்தோட வெளிநாடு போறாராம். "பையன் ஆசைப்படுறான்ல, வச்சுக்கோ"ன்னு தொட்டியோட குடுத்துட்டார். என் மருமகன் அதுக்கு ஹல்க்னு பேரு வச்சிருந்தான். பச்சையா இருக்குல்ல, அதனால.

"மாமா, பாருங்க, சிரிக்குது!"

வாயைத் திறந்து வச்சுக்கிட்டு அசையாம இருந்துச்சு. கம்பெனியில சேந்த புதுசுல டீமோட வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு போயிருக்கேன். அங்க வெயில்ல முதலைங்க எல்லாம் இப்படித்தான் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு கிடக்கும். அது சிரிப்பும் இல்ல, கோவமும் இல்ல, சூட்டைத் தணிக்கிறதுன்னு அப்ப கேட்ட ஞாபகம். முதலைக்குப் பக்கத்துல தண்ணி இருக்கு, போய் விழுந்துக்கலாம். இது எங்க போகும்?

தொட்டி கண்ணாடியில கை வச்சேன். தோசைக்கல்லு.

தூக்கிட்டு ஓடிப்போய் பின்கட்டுல நிழல்ல வச்சு, ஈரத்துணி போட்டு, அகலத் தட்டுல சாதா தண்ணி ஊத்தி வச்சோம். ஐஸ் தண்ணி ஊத்தப் போன அத்தானைக் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். ஒரு அரைமணி நேரம் கழிச்சுத்தான் வாயை மூடுச்சு. மருமகன் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அப்புறம் மெதுவா, "நான்தான் மாமா ஜன்னல் பக்கம் நகத்தி வச்சேன். வெயில் வேணும்னு யூட்யூப்ல சொன்னாங்க"ன்னான்.

யூட்யூப்ல சொன்னது தப்பே இல்ல. வெயில் வேணும்தான். ஆனா சொன்னவர் இருக்கிற ஊர்ல ஜன்னலுக்கு வெளிய பனி பெய்யுது. நம்ம ஊர்ல ஏப்ரல் மாசம், மேற்கு ஜன்னல், மூணரை மணி.

அன்னிக்கு ராத்திரி அங்கயே தங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு சோதனை. காலித் தொட்டியில சுவர் தெர்மாமீட்டரைப் போட்டு அதே ஜன்னல், அதே நேரம். 20 நிமிஷத்துல 47 டிகிரி. ஹால்ல அப்ப 35தான். வெயில் கண்ணாடி வழியா உள்ள போயிடுது, உள்ள சூடான காத்து வெளிய வர வழியில்ல. வெயில்ல நிறுத்தின காருக்குள்ள ஏறினா எப்படி இருக்கும், அதேதான். இகுவானா வெயில் காயுற இடத்துல 35 டிகிரி சுத்தி இருக்கணும், மத்த இடம் 27ல இருந்து 32க்குள்ள இருக்கணும், நாப்பதைத் தாண்டினா ஆபத்துன்னு படிச்சேன். ஹல்க் 47ல எவ்வளவு நேரம் இருந்துச்சோ. நான் மதியம் தூங்கின தூக்கம் ரெண்டு மணி நேரம்.

இதுல இன்னொரு கொடுமை என்னன்னா, இவ்வளவு வெந்தும் அதுக்கு வெயில்ல கிடைக்க வேண்டியது கிடைக்கல. சூரிய ஒளியில புற ஊதா பி கதிர்னு ஒண்ணு இருக்கு. அது தோல்ல பட்டாத்தான் இகுவானா உடம்புல விட்டமின் டி3 உருவாகும். அது இருந்தாத்தான் சாப்பாட்டுல இருக்கிற கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேரும். சாதா ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத்தான் பெரும்பாலும் நிறுத்திடும். ஆக, கண்ணாடித் தொட்டியில சூடு மட்டும் வரும், சத்து வராது. மாசக்கணக்குல இப்படியே இருந்தா எலும்பு மெதுவாகி, தாடை ரப்பர் மாதிரி ஆகி, கால் வளைஞ்சு போயிடும். அடைச்சு வளர்க்கிற இகுவானாக்களுக்கு ரொம்ப சகஜமா வர்ற வியாதியாம் இது.

ஹல்க்கோட பின்னங்கால் விரல் லேசா நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. திங்கக்கிழமை லீவு போட்டுட்டு, ஆடு மாடு பாக்குற கால்நடை டாக்டர் ஒருத்தர்கிட்ட கொண்டு போனோம். "தம்பி, இதை நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன்"னு முதல்லயே ஒத்துக்கிட்டார். ஆனா பொறுமையா தாடையை அழுத்திப் பாத்து, காலை நீட்டிப் பாத்து, "தாடை நல்லா கெட்டியா இருக்கு. நடுக்கம் கால்சியம் குறைவாத்தான் இருக்கணும். மருந்து எழுதித் தர்றேன். அதைவிட முக்கியம், நேரடி வெயில்ல விடுங்க. இந்தத் தொட்டி வேண்டாம்"னார்.

தொட்டி வேண்டாம், சரி. அப்ப எது?

அத்தான் உடனே மதுரைக்கு போனைப் போட்டார். செல்லப்பிராணி கடைக்காரர் மூணடி கண்ணாடித் தொட்டி, மேல லைட்டு, அடியில ஹீட்டர் பாய், சின்ன பிளாஸ்டிக் செடி எல்லாம் சேத்து ஒரு விலை சொன்னார். விலையைக் கேட்டதும் அக்கா பக்கத்துல இருந்த மோடாவுல உக்காந்துட்டா. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அண்ணாச்சி, இது எவ்வளவு பெருசு வளரும்?" "அது தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் வளரும் தம்பி."

இது சுத்தப் பொய். தொட்டிக்கு ஏத்த மாதிரி எதுவும் வளராது, தொட்டிக்குள்ள நோஞ்சானா போகும், அவ்வளவுதான். பச்சை இகுவானா வாலோட சேத்து அஞ்சடி சாதாரணமா வளரும், சிலது ஆறடி கூட. நல்லா பாத்துக்கிட்டா 15, 20 வருஷம் இருக்கும். மெக்சிகோவுல இருந்து பிரேசில் வரைக்கும் ஆத்தங்கரை மரங்கள்ல வாழுற பிராணி. ஆபத்துன்னா கிளையில இருந்து அப்படியே தண்ணிக்குள்ள குதிச்சிடும். மரத்து உச்சியில இருக்க வேண்டியதை டேபிள் மேல ஒண்ணரை அடி உயரத்துக்குள்ள வச்சா, மேல இருந்து எட்டிப் பாக்குற ஒவ்வொரு தலையும் அதுக்குப் பருந்து மாதிரிதான் இருக்கும். கண்ணாடின்னு ஒண்ணு குறுக்க இருக்கிறதும் அதுக்குப் புரியாது. மூக்கை வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கிக்கும். ஹல்க் மூக்கு நுனியில ஏற்கனவே தோல் உரிஞ்சிருந்துச்சு.

(நடுவுல அத்தான் ஒரு யோசனை சொன்னார். "பேசாம செண்பகத்தோப்புல கொண்டு போய் விட்டுடலாம்டா. காடு இருக்கு, தண்ணி இருக்கு." நல்ல மனசோடதான் சொன்னார். ஆனா அந்தக் காடு 1988ல நரை அணிலுக்குன்னே அறிவிச்ச சரணாலயம். 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் கூட. அங்க அமெரிக்கக் கண்டத்துப் பல்லிக்கு என்ன வேலை? ஃபுளோரிடாவுல இப்படி வளர்த்தவங்க விட்டதும் தப்பினதும் பெருகித்தான் இன்னிக்கு ஊரு முழுக்க இகுவானா. 2020 ஜனவரியில குளிர் தாங்காம மரத்துல இருந்து விழும், ஜாக்கிரதைன்னு மியாமி வானிலை ஆபீஸே எச்சரிக்கை விட்டாங்க. அந்த செய்தியைக் காட்டினதும் அத்தான் அமைதியாயிட்டார்.)

செவ்வாய்க்கிழமையில இருந்து ராஜபாளையத்துல வீட்ல உக்காந்து வேலை. ஒரு கால்ல ஆன்சைட்காரன் ரெக்வயர்மென்ட் ரெக்வயர்மென்ட்னு உயிரை எடுத்துக்கிட்டு இருந்தான். மைக்கை மியூட் பண்ணிட்டு ஜன்னல் வழியா பாக்குறேன், காம்பவுண்டு சுவர் மேல ஒரு ஓணான்.

ஓணானைப் பத்தி ஒண்ணு சொல்லணும். சின்ன வயசுல தென்னை ஈர்க்குல சுருக்கு போட்டு ஓணான் பிடிச்ச கோஷ்டியில நானும் ஒருத்தன். ராமர் தாகமா இருந்தப்ப அணில் இளநீர் குடுத்துச்சாம், ஓணான் மூத்திரத்தைக் குடுத்துச்சாம். அதனால ஓணானை அடிக்கலாம். எங்க தெருவுல எல்லாப் பயலுக்கும் இந்தக் கதை தெரியும். பிடிச்சதுக்கு மூக்குப்பொடி போட்டு அது சுத்துறதைப் பாத்து சிரிச்சிருக்கோம். இப்ப நினைச்சா வயித்தைப் பிசையுது. அணிலுக்கு ஒரு சரணாலயமே இருக்கிற ஊர்ல ஓணானுக்குக் கல்லடிதான்.

அந்த ஓணானை மூணு நாள் நோட் பண்ணேன் (டைம் ஷீட்ல இது வராது). காலையில எட்டு மணிக்கு சுவர் உச்சியில, உடம்பைத் தட்டையாக்கி வெயிலுக்குக் குறுக்க படுத்திருக்கும். ஒன்பதரைக்கு சுறுசுறுப்பாகி எறும்பு பொறுக்கும். பத்தரை, பதினொண்ணுக்கு வேப்ப மரத்துக்குப் போயிடும். முதல்ல தண்டுல வெயில் பக்கம், அப்புறம் நிழல் பக்கம். உச்சி வெயில்ல ஆளையே காணோம். நாலு மணிக்கு மேல மறுபடி சுவர். ஒரு நாள் மேகமா இருந்துச்சு, அன்னிக்கு சுவரை விட்டு ரொம்ப நேரம் இறங்கவே இல்ல.

ஓணான் உடம்புக்குள்ள ஃபேனும் இல்ல ஹீட்டரும் இல்ல. ரத்தச் சூட்டை இடம் மாறி மாறித்தான் சரி பண்ணிக்குது. அதுக்கு வேணுங்கிற டெம்பரேச்சரை நான் தெர்மாமீட்டரை வச்சுக் கணக்குப் போட்டுக் குடுக்க வேண்டியதில்ல. சூடான இடம் ஒண்ணு, குளிர்ச்சியான இடம் ஒண்ணு, நடுவுல நாலஞ்சு இடம், போய்வர வழி. இதைக் குடுத்தா மிச்சத்தை அதுவே பாத்துக்கும். தொட்டியில அதுக்கு இல்லாம போனது இதுதான். ரெண்டடிக்குள்ள எங்க நகந்தாலும் அதே 47.

ரெக்வயர்மென்ட் கிடைச்சிடுச்சு. கிளையன்ட் வாயைத் திறக்காமலேயே :-)

அடுத்த சனிக்கிழமை, ராஜபாளையத்துல எங்க வீட்டு கேட்டை அடிச்சுக் குடுத்த வெல்டிங் பட்டறை அண்ணன்கிட்ட போனேன். நீளம் ஆறடி, அகலம் மூணடி, உயரம் ஆறடி. "என்ன தம்பி, கோழிக்கூடா?" "இல்லண்ணே, பல்லிக்கு." ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பாத்தார். ராஜபாளையம் நாய்க்குக் கூண்டு அடிச்சுக் குடுத்த கைக்கு பல்லிக் கூண்டு கொஞ்சம் கௌரவக் குறைச்சல்தான். ஆனா விஷயத்தைச் சொன்னதும் என்னைவிட அவருக்கு ஆர்வம் வந்துடுச்சு.

நான் கோழிவலை போதும்னு நினைச்சேன். அவர்தான், "அந்தக் கம்பி முனை கையையே கிழிக்கும். நகமும் விரலும் மாட்டிக்காதா?"ன்னு கேட்டு, பிளாஸ்டிக் பூச்சு பூசின அரை இஞ்ச் சதுர வலையை எடுத்துப் போட்டார். முனையெல்லாம் வெளிப்பக்கமா மடக்கி மேல பட்டி வச்சு அடிச்சார். கதவு ஆள் உள்ள போற மாதிரி, இல்லன்னா எப்படிக் கழுவுறது? பூட்டு வேணும்னு நான் சொன்னது பூனைக்கும் குரங்குக்கும் பயந்து. அப்புறம் ஒரு பக்கச் சட்டத்தை வெல்டு வைக்காம போல்ட் போட்டு விடச் சொன்னேன். ஹல்க் வளந்தா அந்தப் பக்கம் கழட்டி இன்னொரு ஆறடி சேக்கலாம். இரும்பு, வலை, கூலி, மினிடோர் வாடகை எல்லாம் சேத்து 13,000 ரூபா ஆச்சு. மதுரை தொட்டி செட் இதைவிட அதிகம்.

வைக்கிற இடம்தான் பெரிய பஞ்சாயத்து. அத்தானுக்கு ஹால்ல, டிவி பக்கத்துல, வர்றவங்க பாக்குற மாதிரி வைக்கணும். எனக்கு மொட்டை மாடியில கிழக்குப் பாத்து. அக்காவுக்கு மொட்டை மாடின்னா வடகம், மோர் மிளகாய்.

"அது ஒரு மூலையில இருக்கும்க்கா."

"மூலையா? அது என் மாடியில பாதிடா."

"காலை வெயில் அங்கதான்க்கா விழுது. ஹால்ல வச்சா மறுபடி லைட்டு, கரண்ட் பில்லு."

கரண்ட் பில்லுன்னதும் அக்கா இறங்கி வந்துட்டா.

கூண்டோட மேற்குப் பாதிக்கு மேல தென்னங்கிடுகு வேஞ்சோம். மேற்குப் பக்கம் முழுக்கவும், மத்த மூணு பக்கம் கீழ் பாதிக்கும் பச்சை நிழல் வலை. காக்காயும் பக்கத்து வீட்டுப் பூனையும் கண்ணுல படாம இருந்தா அதுக்கு பயம் குறையும். உள்ள கொய்யாக் கிளை நாலு, தடிமன் அதோட உடம்பளவு, ஒண்ணு வெயில்ல உச்சியில, ஒண்ணு கிடுகுக்குக் கீழ, மத்தது சாய்வா ஏறி இறங்க. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில தண்ணி. முழுகுற அளவுக்கு வேணும், அது தண்ணிக்குள்ளதான் பெரும்பாலும் அசிங்கம் பண்ணும், அதனால தினம் மாத்தணும். ராத்திரிக்கும் மழைக்கும் ஒரு மரப்பெட்டி, மேல் தட்டுல. செம்பருத்தி தொட்டி ரெண்டு வச்சோம், இலையும் பூவும் தின்னும். அக்கா ஆசையா அரளித் தொட்டியைத் தூக்கிட்டு வந்தா, பதறிப் போய் திருப்பி அனுப்பினேன். அரளி மனுசனுக்கே விஷம். கூண்டுக் கால் நாலுக்கும் எறும்பு ஏறாம இருக்க தண்ணிக் கிண்ணம் வச்சது அம்மா ஐடியா. தொட்டா கையை சோப்பு போட்டுக் கழுவணும்ங்கிறது சட்டம். ஊர்வனவற்றுக்கிட்ட சால்மொனெல்லா கிருமி இருக்கும், அந்தக் கையோட அடுப்படிக்குள்ள போனா அக்கா கையில அடியும் கிடைக்கும்.

சட்டம்னதும் நிஜ சட்டமும் ஞாபகம் வருது. நம்ம ஊர் உடும்பு 1972 வனஉயிரின சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. புலி இருக்கிற அதே அட்டவணை. வளர்க்கிற பேச்சே கூடாது. இகுவானா வெளிநாட்டுப் பிராணிங்கிறதால வேற கணக்கு. 2022 திருத்தத்துக்கு அப்புறம், சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுல இருக்கிற இந்த மாதிரி பிராணிகளை வச்சிருந்தா பதிவு பண்ணணும். 2024 பிப்ரவரியில விதி வந்துச்சு, பரிவேஷ்ங்கிற அரசாங்க இணையதளத்துல பண்ணலாம். கை மாறினாலும் சொல்லணும், செத்தாலும் சொல்லணும். நல்லவேளை, மதுரைக்காரர் 2024லயே பதிவு பண்ணியிருந்தார். பேர் மாத்த அலையுற வேலை அத்தானுக்கு. இது எதுவும் இல்லாம யாராவது சும்மா குடுத்தா, கூண்டு அளவு யோசிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரைக் கேளுங்க.

மே மாசம் முதல் ஞாயிறு ஹல்க்கைக் கூண்டுல விட்டோம். முதல் நாள் முழுக்க மரப்பெட்டிக்குப் பின்னாடியே ஒளிஞ்சிருந்துச்சு. மருமகன் மூஞ்சி தொங்கிப் போச்சு. "பிடிக்கலையா மாமா?" ரெண்டாவது நாள் காலையில ஏழே முக்காலுக்கு அவன்கிட்ட இருந்து போன், கிசுகிசுன்னு பேசுறான். "மாமா, உச்சிக் கிளைக்கு வந்துடுச்சு." எட்டரைக்கு: "இன்னும் அங்கேயேதான்." பத்தே காலுக்கு: "மாமா! கிடுகுக்குக் கீழ போயிடுச்சு! நான் எதுவும் பண்ணல, அதுவா போச்சு!" நான் மீட்டிங்ல இருந்தேன். மைக் மியூட்ல இல்ல. ஆன்சைட்காரன், எது எங்க போச்சுன்னு கேட்டான்.

விரல் நடுக்கம் ஜூலையில நின்னுடுச்சு. மூக்குல புதுத் தோல். மாடிச் சுவர்ல மருமகன் மாசாமாசம் ரெண்டு கோடு போடுறான், ஒண்ணு அவன் உயரம், பக்கத்துல ஹல்க்கோட நீளம். ஹல்க் ரெண்டடியைத் தாண்டியாச்சு. அத்தான் சாயங்காலம் டிவியை விட்டுட்டு மாடியில சேர் போட்டு உக்காந்துடுறார். பாக்க வர்றவங்களை அங்கயே கூட்டிட்டுப் போறார். அக்கா வடகத்தைத் தூக்கிட்டு 12 கிலோமீட்டர் பஸ் ஏறி எங்க வீட்டு மாடிக்கு வர்றா.

போன தடவை ஊருக்குப் போனப்ப அக்கா அவனை நேராவே கேட்டுட்டா. "ஏண்டா, இது இருபது வருஷம் இருக்கும்னு மாமா சொல்றான். நீ காலேஜ் போயிட்டா யாருடா பாக்குறது?" அவன் பதில் பேசல. உள்ள போய் ஒரு நோட்டைக் கொண்டாந்து குடுத்தான். தண்ணி மாத்துறது, கீரை வெட்டுறது, கூண்டு கழுவுறது எல்லாம் நாள் வாரியா கட்டம் போட்டு எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்துல, "2030 வரைக்கும் நான். அதுக்கப்புறம் மாமா."

என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல.